கண் திறந்த முதல் முகம்

மரிவிக் வரைந்த முதல் இருபது முகங்களில் ஒன்றுகூடக் கண் திறந்திருக்கவில்லை.

காரணம் எளிது. அவளுக்கு மாதிரியாக உட்கார ஆள் கிடையாது. இருந்ததெல்லாம் அவள் பெற்ற மூன்று பேர்தான்: ஒன்பது வயதுக் கார்லோ, ஆறு வயது மிக்கா, மூன்று வயது ஓயி. விழித்திருக்கும்போது மூவரில் எவரும் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் இருந்ததில்லை. காலைநேரப் பள்ளி முடிந்து வந்து, மத்தியானச் சோறு தின்று, பாயில் சுருண்டு தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில்தான் அவளால் அவர்களைப் பிடிக்க முடிந்தது. கார்லோ மட்டும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தான். கைப்பேசியில் விளையாட விட்டால் உட்காருவான். உட்கார்ந்தான். அதனால் அவனுடைய படங்களில் உச்சந்தலையும் இரண்டு காதுகளும் மட்டும் வெகு நேர்த்தியாக இருந்தன.

நாங்கள் எதிர்வீடு. நான், என் அக்கா கிளெண்டா, அக்காவின் பெண் குழந்தை யூமி. அக்காவின் கணவருக்குக் கவித்தேயில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமை மாலை வந்து ஞாயிறு இரவு போய்விடுவார். சந்து அகலமில்லாதது. எங்கள் கதவும் மரிவிக்கின் கதவும் திறந்திருந்தால் அங்கே கரண்டி விழுவது இங்கே கேட்கும்.

ஓவியர்களுக்குப் பேர்போன எங்கள் ஊர் அங்கோனோவில் ஒருத்தி படம் வரைகிறாள் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் சந்திலேயே மூன்று ஓவியர்கள். மூவரும் ஆண்கள். அவர்கள் வரைந்து முடிக்கும்வரை சோறு மூடி வைக்கப்பட்டிருக்கும். பிள்ளைகளை யாராவது வெளியே அழைத்துப் போயிருப்பார்கள். மரிவிக்குக்கு அந்த வசதி இல்லை. சோற்றை மூடி வைப்பவளும் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிறவளும் அவளேதான்.

தொடங்கியதும் ஒரு பிள்ளையால்தான். 'அம்மாவின் முகத்தை வரைந்து வா' என்று கார்லோவுக்கு வீட்டுப்பாடம். அவன் வரைந்ததைக் காட்டினான்.

"எனக்குக் கழுத்தே இல்லையேடா."

"தாள் முடிஞ்சு போச்சும்மா."

கழுத்து எங்கே வரும் என்று காட்டுவதற்காகப் பென்சிலை வாங்கினாள். அதை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, அவளுக்கு முப்பத்திரண்டு வயதில். பழைய நாட்காட்டியின் பின்பக்கம், பள்ளி வண்ணப்பெட்டி, ஒரு தூரிகை. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது ஓவியக் கூடங்களின் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் ஓயியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். மூக்கு முடிந்து உதடு தொடங்கும் இடத்தை இவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பாள். வீட்டுக்கு வந்து செய்து பார்ப்பாள். வராது. அடுத்த நாள் போய் மறுபடி பார்ப்பாள்.

பிள்ளைகளும் விடமாட்டார்கள். "அம்மா, எனக்கு மூக்குல ரெண்டு ஓட்டை இருக்கு. நீ ஒண்ணுதான் போட்டிருக்கே" என்று மிக்கா கண்ணாடியைக் கொண்டுவந்து சாட்சி வைப்பாள்.

கணவன் நெஸ்டர், பக்கத்தில் ஆள் ஏற்றும் கூண்டு கட்டிய மோட்டார் சைக்கிளான ட்ரைசைக்கிளை வாடகைக்கு ஓட்டுகிறவன். ஒரு நாள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "என்னையும் வரை. ஆனா வயித்தைக் கொஞ்சம் கொறைச்சுப் போடு" என்றான்.

"முகம்தான் வரையக் கத்துக்கறேன். வயித்துக்குத் தாள் காணாது."

சந்து முனையில் கடை வைத்திருக்கும் பாசிங்கம்மாதான் ஒளிக்காமல் சொன்னவள். சோப்புக் கட்டி கொடுக்க வந்தவள் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏம்மா, உன் வீட்டுக்குள்ள வந்தா துக்கம் கேக்க வந்த மாதிரி இருக்கே. எல்லாம் கண்ண மூடிட்டுக் கெடக்குதுங்க."

மரிவிக் சிரித்தாள். ஆனால் அன்று மாலை படங்களைக் கழற்றிவிட்டாள். பாசிங்கம்மா சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். கண் இல்லாமல் முகம் எப்படி முகமாகும்? தன்னைத் திருப்பிப் பார்க்கிற ஒரு முகம் அவளுக்கு வேண்டியிருந்தது. ஒரே ஒரு முகம்.

அது யூமியிடம் இருந்தது.

சில குழந்தைகள் அப்படி இருக்கும். உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவரை நீதிபதி மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கும். யூமிக்கு அப்போது பதினோரு மாதம். மரிவிக் அவளுடைய ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று கோவிலில் அவளை ஏந்தி நின்றவள். பெற்றவளும் ஞானத்தாயும் எங்கள் ஊரில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள், 'மாரே' என்பார்கள். உடன்பிறந்தவளிடம்கூடச் சண்டை போட்டுக்கொள்ளலாம், மாரேயிடம் கூடாது என்பது வழக்கம். அக்காவுக்கும் மரிவிக்குக்கும் அந்தச் சொல் வாயில் இனிப்பாகவே இருந்தது.

"மாரே, பொறந்தநாளுக்கு ஞானத்தாய் என்ன தரப்போறேன்னு கேக்கவே இல்லையே" என்றாள் மரிவிக்.

"மோதிரமா?"

"முகம்."

அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். "கண்ணு தொறந்திருக்கும்ல?"

ஆகஸ்டு மாத மழைக்கிடையில் மத்தியானங்களில் அவள் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தாள். அவள் பிள்ளைகள் தூங்குவது எங்கள் வாசலிலிருந்தே தெரியும். யூமியை மெத்தையில் உட்காரவைத்து, கையில் ஒரு மரக்கரண்டியைக் கொடுத்துவிடுவோம். தொடங்குவதற்கு முன் அக்கா தினமும் கேட்பாள்: "சொல்லிட்டியா மாரே?"

"புவேரா ஊசோக், புவேரா ஊசோக், புவேரா ஊசோக். இப்ப வரையலாமா?"

ஊசோக் என்பது பொறாமைக் கண் மட்டுமல்ல. பிரியமாகப் பார்த்தாலும் குழந்தைக்குப் படும். அதிலும் பசியோடும் களைப்போடும் இருக்கிற ஒருவர் பார்த்தால் கட்டாயம் படும். வயிறு உப்பும், காய்ச்சல் வரும். ஆகவே குழந்தையைப் பார்க்கிறவர்கள் வாயைத் திறந்ததும் அந்த வார்த்தையைச் சொல்லி அதை வெளியே நிறுத்திவிட வேண்டும். மறந்து, பட்டுவிட்டால், மருந்தும் பார்த்தவரிடமே இருக்கிறது. அவருடைய எச்சிலைக் கட்டைவிரலில் தொட்டுக் குழந்தையின் வயிற்றில் சிலுவை போட வேண்டும். நாங்கள் இருமொழியில் படித்தவர்கள்தான். இரண்டு மொழியிலும் யாரும் இதை எங்களுக்குப் பாடமாக வைக்கவில்லை. ஆனாலும் தெரியும்.

முதல் இரண்டு நாட்களும் தலையின் வடிவமும் கன்னமும் வந்தன. கன்னத்தில்தான் மரிவிக் ஒன்றைக் கண்டுபிடித்தாள். யூமியின் நிறம் பழுப்பு என்று நினைத்துப் பழுப்பையே அப்பிக்கொண்டிருந்தாள். முகம் பிஸ்கட் மாதிரி வந்தது. பிறகு உற்றுப் பார்த்துவிட்டு, "ஜெஸ்ஸா, இங்க வா. இந்தக் கண்ணுக்குக் கீழ, மூக்கோரம். இது நீலமா இல்ல?" என்று என்னைக் கூப்பிட்டாள். எனக்கு நீலமாகத் தெரியவில்லை. அவள் பழுப்பின்மேல் மெல்லிய நீலத்தை ஓட்டினாள். கன்னம் உருண்டு எழுந்தது.

அதன்பின் எதற்கும் நீலம்தான். அவளுடைய தூரிகை மலிவானது, நுனி அடிக்கடி விரிந்துவிடும். உதட்டில் வைத்து ஈரப்படுத்திக் கூராக்கிக்கொள்வாள். பிள்ளைகளின் வண்ணம், பெட்டியின் மேலேயே விஷமற்றது என்று போட்டிருக்கும். இதனால் ஓயிக்கு மட்டும் ஒரு மனக்குறை இருந்தது. எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, "அம்மா தனியா ஐஸ் தின்னுட்டு வந்திருக்கா. எங்களுக்குத் தரல" என்று அழுவான். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள், மத்தியானம் நெஸ்டர் எதிர்பாராமல் ஒரு நண்பனோடு சாப்பிட வந்துவிட்டான். பிள்ளைகளும் அவர்களும் சாப்பிட்டதும் பானை காலி. அவள் அடிச்சோற்றைச் சுரண்டி ஓயிக்கு ஊட்டிவிட்டு, துணி துவைத்துப் போட்டு, தூங்கவைத்துவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்தாள். அக்கா பின்பக்கம் குழாயடியில் இருந்தாள். யூமி அப்போதுதான் விழித்து, கரண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். மரிவிக் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எதுவும் சொல்லவில்லை.

நான் மேசையருகே எழுதிக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். இடையில் பேசினால் அவள் கை தடைப்படும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்றைக்கு அவள் பார்த்த மாதிரி யாரும் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. ஒன்றரை மணி நேரம். இருவரும் கண் கொட்டினார்களா என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் அவள் எழுந்து நின்று கத்தினாள்.

"மாரே! கண்ணு வந்துடுச்சு!"

அக்கா சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்தாள். தாளிலிருந்து யூமி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதே நீதிபதிப் பார்வையோடு. நெற்றி மட்டும் பாக்கி.

மறுநாள் காலை யூமி கொதித்தாள்.

பால் குடிக்கவில்லை. வயிறு கல் மாதிரி இருந்தது. தூக்கினாலும் அழுதாள், கிடத்தினாலும் அழுதாள். மழை விடாமல் பெய்தது, மின்சாரம் இல்லை. மேல் சந்தில் ஒரு குழந்தை போன மாதம்தான் டெங்கு வந்து மருத்துவமனையில் ஒரு வாரம் கிடந்துவிட்டு வந்திருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் யூமியின் கைகால்களைப் புரட்டிப் பார்த்தோம். சிவப்புப் புள்ளி எதுவும் இல்லை.

அழுகை கேட்டுப் பாசிங்கம்மா குடையோடு வந்தாள். வயிற்றில் கைவைத்தாள். "நேத்து இவள யாரு பாத்தது?"

"யாரும் வரல. மாரே மட்டும்தான்" என்ற அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"சொன்னாளா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையசைத்தேன்.

"சாப்பிட்டிருந்தாளா?"

அதற்கும் நான் இல்லை என்றேன். எதிர்வீட்டுப் பானை சுரண்டப்படும் சத்தம் எனக்குக் கேட்டிருந்தது.

"அப்பறம் என்ன, போய்க் கூட்டிட்டு வா."

மரிவிக் ஓயியை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியை வரைந்துகொண்டிருந்தாள். யூமிக்குக் காய்ச்சல் என்று மட்டும்தான் சொன்னேன். மீதியை அவளே புரிந்துகொண்டாள். அவள் முகம் அப்படி ஒடுங்கியதை அதுவரை நான் பார்த்ததில்லை. ஓயியை இறக்கிவிட்டு மழையிலேயே ஓடிவந்தாள்.

இருட்டறையில் மண்டியிட்டு, கட்டைவிரலை வாயில் வைத்து எடுத்து, யூமியின் வயிற்றில் சிலுவை போட்டாள். நெற்றியில் ஒன்று. யூமி அழுகையினூடே அந்த விரலைப் பிடித்துத் தன் வாயில் வைத்துக் கடித்தாள்.

"புவேரா ஊசோக். புவேரா ஊசோக். பசியில பாத்துட்டேன்டி தங்கம். வேணும்னு பாக்கல."

 பிறகு அக்கா குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"சரி மாரே. நீ போ. கொஞ்ச நாளைக்கு இவளப் பாக்க வேணாம்."

"கொஞ்ச நாளைக்குன்னா?"

"தெரியல."

மரிவிக் தலை நிமிராமல் வெளியே போனாள். குழந்தைமேல் தப்பித்தவறியும் பார்வை விழக்கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டே போனவள் எங்கள் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். எதிர்க்கதவு திறந்தே இருந்தது. அவள் படத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைப்பது தெரிந்தது. தூரிகையைக் கழுவினாள். பள்ளியிலிருந்து மிக்கா வந்ததும் வண்ணப்பெட்டியை அவளிடம் கொடுத்தாள்.

"நிஜமாவா? எனக்கே எனக்கா?"

"உனக்கே."

"அப்ப நீ?"

"எனக்குப் போதும்."

மத்தியானத்துக்குள் காய்ச்சல் முப்பத்தொன்பது டிகிரி செல்சியஸைத் தொட்டது. நெஸ்டரைக் கூப்பிட்டோம். அவன் ட்ரைசைக்கிளின் மழைத்திரையை இழுத்துவிட்டு, வழியெல்லாம் பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டிச் சுகாதார நிலையத்தில் கொண்டுவந்து விட்டான். அங்கே மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மருத்துவச்சி கோரா மேடம் பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ளவர். யூமியைப் பிரசவம் பார்த்தவரும் அவர்தான். போர்வையை விலக்கினார். சட்டையைத் தூக்கினார். அவருடைய சின்னக் குரல் காணாமல் போயிற்று.

"இது எவ்வளவு நேரமா நீலமா இருக்கு?"

அக்கா குனிந்து பார்த்தாள். வெளிச்சத்தில் இப்போதுதான் தெரிந்தது. வயிற்றில் நீலம். நெற்றியில் நீலம். உதட்டோரத்தில், ஈறில், நீலம்.

"உதடு நீலம்! மூச்சு எப்படி இருக்கு? பெரியாஸ்பத்திரிக்குச் சொல்லுங்க. யாரு வண்டி கொண்டு வந்தது? வண்டியத் திருப்பி நிறுத்தச் சொல்லு!"

வாசலில் நின்ற நெஸ்டர் இதைக் கேட்டான். வண்டியைத் திருப்பினான், ஆனால் நிறுத்தவில்லை. மனைவியிடம் சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை போலும். நேரே வீட்டுக்கு ஓட்டிவிட்டான்.

அக்கா அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "சிலுவ போட்டாச்சே, சிலுவ போட்டாச்சே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கோரா மேடம் குழந்தையின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார். புருவம் சுருங்கியது. யூமி அந்தக் குழலைப் பிடித்து இழுத்து, அறை அதிரக் கத்தினாள்.

"மூச்சு நல்லாத்தானே இருக்கு" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, ஊசி போடுவதற்காகவோ என்னவோ, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து வயிற்றின் பக்கம் துடைத்தார்.

பஞ்சு நீலமாயிற்று. வயிறு பழுப்பாயிற்று.

அவர் பஞ்சைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வெளியாட்கள் முன் நான் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அங்கே விஷயம் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

"அது பெயிண்ட், மேடம்."

"எது?"

"நீலம். ஞானத்தாயோட எச்சில். அவங்க நெத்தி வரைஞ்சிட்டிருந்தாங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ட்ரைசைக்கிள் வந்து நின்றது. மரிவிக் ஓயியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் கார்லோவின் செருப்புமாக உள்ளே ஓடிவந்தாள். குழந்தை இருந்த பக்கமே பார்க்காமல் மேடத்தின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாலதான் மேடம். நான்தான் சொல்ல மறந்தேன். இனிமே எந்தப் பிள்ளையையும் பாக்க மாட்டேன். தூரிகையத் தொட மாட்டேன். அவள மட்டும்..."

"நாக்க நீட்டு" என்றார் கோரா மேடம்.

"ஆங்?"

"நாக்க நீட்டும்மா."

அழுதபடியே நீட்டினாள். நடுவிலிருந்து நுனிவரை, அழுத்தமான நீலம்.

"பாத்தீங்களா! ஐஸ்!" என்று கத்தினான் ஓயி. "நான் சொன்னேன்ல!"

முதலில் சிரித்தது அக்காதான். மூக்கிலிருந்து கிளம்பிய அடக்க முடியாத ஒரு சத்தம். பிறகு நெஸ்டர். மேடம் சிரிக்கவில்லை, அவர் யூமியின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். "மேல ரெண்டு பல்லு தள்ளிட்டு நிக்குது. தொண்டையும் சிவந்திருக்கு, மழைச் சளி. காய்ச்சல் மருந்து தர்றேன். ஆனா சிரிச்சிட்டுப் போயிடாதீங்க. மூணாவது நாளும் காய்ச்சல் இருந்தா ரத்தம் பாக்கணும். இது டெங்கு மாசம்."

சிரிப்பு நின்றது. மரிவிக் எழுந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "மேடம், நெசமா சொல்லுங்க. பாத்தா ஆகுமா?"

கோரா மேடம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். "காலைல என்ன சாப்பிட்டே?"

"காப்பி."

"நேத்து மத்தியானம்?"

மரிவிக் ஓயியின் சட்டையை இழுத்துவிட்டாள். நெஸ்டர் தன் செருப்பைப் பார்த்தான்.

"பசியோட இருக்கிறவ பாத்தா பிள்ளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. பசியோட இருக்கிறவளுக்கு என்ன ஆகும்னு தெரியும். உன் எடை என்ன? அந்த மிஷின்ல ஏறு."

எடை பார்த்துவிட்டு நெஸ்டரை ஐந்து நிமிடம் திட்டினார்.

அன்றும் மறுநாளும் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. யாரும் சந்தைக் கடக்கவில்லை. கார்லோ மட்டும் மணிக்கொரு தரம் வந்து, "இப்ப எவ்வளவு?" என்று கேட்டு, வெப்பமானியின் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு ஓடுவான். முப்பத்தெட்டரை. முப்பத்தெட்டு. ஒருமுறை மறுபடி முப்பத்தெட்டரை. அன்று மாலை எதிர்வீட்டில் கரண்டிச் சத்தமே கேட்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் அக்கா யூமியின் கழுத்தில் கைவைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்காமல் என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். குளிர்ந்திருந்தது. வியர்த்திருந்தது. யூமி கண்ணைத் திறந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொட்டாவி விட்டாள். மேல் ஈறில் அரிசிமணி மாதிரி இரண்டு வெள்ளை முனைகள் எட்டிப் பார்த்தன.

அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். இஞ்சி தட்டிப் போட்டு, கோழித்துண்டு போட்டு, அரிசிக் கஞ்சி கெட்டியாக வைத்தாள். பெரிய கிண்ணம் நிறைய ஊற்றி, மேலே அவித்த முட்டையும் பொரித்த பூண்டும் போட்டாள். கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, யூமியை இடுப்பில் எடுத்துக்கொண்டு சந்தைக் கடந்தாள்.

மரிவிக் அடுப்படியில் இருந்தாள். எங்களைக் கண்டதும் திரும்பி நின்றுகொண்டாள். "எவ்வளவு?"

"ஒண்ணுமில்ல. போயிடுச்சு. இவளப் பாரு மாரே."

"வேணாம் மாரே. நீ அங்கேயே நில்லு. சரியாயிட்டான்னு கேட்டதே போதும்."

"அப்படின்னா மொதல்ல குடி."

"என்ன?"

"கஞ்சி. நிக்காத, உக்காந்து குடி. அடி தெரியணும். அதுக்கப்பறம் பாரு. பசிச்ச கண்ணுதானே பண்ணுது? வயிறு நெறஞ்ச கண்ணு என்ன பண்ணிடும்?"

மரிவிக் உட்கார்ந்தாள். முதல் இரண்டு கரண்டியும் இறங்கவில்லை. பிறகு வேகமாகச் சாப்பிட்டாள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்கள் அம்மா உட்கார்ந்து முழுக் கிண்ணம் சாப்பிட்டு அவர்களே பார்த்ததில்லை போலும். முட்டையில் பாதியை வழக்கம்போல ஓயியின் வாயருகே நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்து அவள் வாய்க்கே திருப்பினாள். கடைசியில் மரிவிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"புவேரா ஊசோக்" என்றாள் தரையைப் பார்த்து. பிறகு தலை நிமிர்ந்தாள்.

யூமி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

படத்தைச் சுவரிலிருந்து திருப்ப வேண்டியிருந்தது. அதைவிடக் கஷ்டம் வண்ணப்பெட்டியைத் திரும்ப வாங்குவது. "எனக்கே எனக்குன்னு சொன்னே" என்று மிக்கா பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டாள். நெஸ்டர் பஞ்சாயத்துக்கு வந்தான். நீலம் அம்மாவுக்கு, சிவப்பும் மஞ்சளும் மிக்காவுக்கு, மற்றவை பொது. இனி மிக்காவை வரையும்போதெல்லாம் மூக்குக்கு இரண்டு ஓட்டை. இத்தனையும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே அவள் எழுந்தாள்.

நெற்றி முடிந்தது. பிறந்தநாளன்று வந்தவர்கள் எல்லாரும் படத்துக்கு முன்னால் நின்று, "அப்படியே பாக்குதே!" என்றார்கள். காய்ச்சலை எது விரட்டியது என்பதில் மட்டும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. கோரா மேடம் மருந்து என்கிறார். அக்கா பல் முளைத்ததுதான் என்கிறாள். பாசிங்கம்மாவோ எச்சில் வேலை செய்ய மூன்று நாள் ஆகும், பெயிண்ட் கலந்த எச்சில் என்பதால் நிதானமாகத்தான் பிடிக்கும் என்கிறாள்.

ஆனால் அன்றிலிருந்து சந்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. மரிவிக்கிடம் குழந்தையை வரையக் கொண்டுவருகிறவர்கள் முதலில் கேட்பது, "சாப்பிட்டியா?" என்றுதான். வாயால் சொன்னால் நம்புவதில்லை. கையோடு கொண்டுவருகிறார்கள்: கஞ்சி, வறுத்த வாத்தில் ஒரு கால், ஏரிமீன் புளிச்சாறு, வாழையிலையில் சுட்ட அப்பம். உட்காரவைத்து, தின்னவைத்து, களைப்பாகத் தெரிந்தால் அரைமணி நேரம் படுக்கச் சொல்லி, அதற்குள் ஓயியையும் மிக்காவையும் வெளியே அழைத்துப் போய்விடுகிறார்கள். அவளுக்கு வேண்டித்தான் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. தங்கள் பிள்ளைமேல் பசித்த கண் படக்கூடாது என்கிற பயம்தான். எதுவாக இருந்தால் என்ன? போன மாதம் எடை பார்க்கும் மிஷினில் ஏறி இறங்கியபோது கோரா மேடம் முதல் தடவையாக நெஸ்டரைத் திட்டவில்லை.

தூரிகையை வாயில் வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

பெரியவர்களும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பாசிங்கம்மா, தலையில் எண்ணெய் வைத்து வாரி, கோவிலுக்குப் போகும் உடுப்போடு வந்து உட்கார்ந்தாள். தேங்காய்ப்பாலில் கொதித்த அரிசி உருண்டை ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். மரிவிக் வயிறு நிறையச் சாப்பிட்டாள். விருந்தாளியும் கூடச் சாப்பிட வேண்டுமல்லவா, பாசிங்கம்மாவும் வயிறு நிறையச் சாப்பிட்டாள். மத்தியான வேளை. மழைக்காற்று. பத்து நிமிடத்தில் அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

மரிவிக் எழுப்பவில்லை. ஒன்றரை மணி நேரம் வரைந்தாள்.

விழித்த பாசிங்கம்மா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "அடிப்பாவி! என்னையும் கண்ண மூடிப் படுக்க வச்சிட்டியே. நான் இன்னும் சாகலடி!"

"அடுத்த ஞாயித்துக்கெழம கண்ணத் தொறங்க, தொறந்து போடறேன்" என்றாள் மரிவிக், தூரிகையை உதட்டிலிருந்து எடுத்து. "உருண்டையக் கொஞ்சம் கொறைச்சுச் சாப்பிடுங்க. நான் சாப்பிட்டாப் போதும்."